ஆள் வைத்துவிட்டு எழுந்திரு

ராத்திரி மூன்று மணி. புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பினால் கடல் பக்கமாக ஒரு சாலை போகும். பாதி தூரம்தான் தார். பிறகு வெறும் கப்பி. இரண்டு பக்கமும் இறால் குட்டைகள். மரம் கிடையாது, வீடு கிடையாது. கம்பங்கள் உண்டு, விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு பைக் வந்துகொண்டிருக்கிறது...

போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

பைக்கில் வருகிறவர் பெயர் இளவரசு. என் தோழி வெண்மதிக்குத் தாய்மாமன். வீடு கீரப்பாளையத்தில். வேலை செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில். வெண்மதி சொன்னபடியே சொல்கிறேன். நானாக எதையும் கூட்டவில்லை.

இளவரசு போக்கர் ஆடுவார். முதலில் போனில் ஆடிக்கொண்டிருந்தார். போனில் காசு வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு நேரில். நாலே பேர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சேர்த்துப் பார்த்து யாருடையது பெரியதோ அவருக்குக் காசு. பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். ஆட்டம் அவ்வளவுதான்.

ஆனால் இளவரசு பேர் வாங்கினது ஆட்டத்தில் அல்ல. எழுந்திருப்பதில். ஜெயித்துக்கொண்டே இருப்பார். திடீரென்று செருப்பைத் தேடுவார்.

“தோக்கும்போது எழுந்திரிக்கக் காலு போதும். ஜெயிக்கும்போது எழுந்திரிக்கத்தான் புத்தி வேணும்” என்பார்.

அதற்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்து ஆடும் வரை உட்காரலாம். முகத்தை மறந்து சீட்டையே பார்க்க ஆரம்பித்துவிட்டால் உடனே எழுந்துவிட வேண்டும்.

மற்ற மூன்று பேருக்கும் இது பொறுக்கவில்லை. ஜெயித்தவன் காசோடு போய்விட்டால், மிச்ச மூன்று பேர் யாரிடம் பிடுங்குவது? ஆட்டம் நடந்தது அன்புமணியின் இறால் குட்டைக் கொட்டகையில். அவர்தான் ஒரு சட்டம் போட்டார்.

“நல்லா கேட்டுக்க மச்சான். தோத்தவன் எப்ப வேணா போலாம். ஜெயிச்சவன் எழுந்திரிக்கணும்னா ஆள் வெச்சிட்டு எழுந்திரி. வர்றவன் ஒரு ஆட்டம் ஆடினாப் போதும். எடம் மட்டும் காலியா இருக்கக் கூடாது.”

“காலியா இருந்தா என்னாவாம்?”

“ஆட்டம் ஆறிடும்.”

சிரித்துக்கொண்டே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அது சாமி சத்தியம் மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்தவர் போன் போட்டு மாமன் மச்சான் யாரையாவது வரவழைப்பார். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் இளவரசுவின் மனைவி ஸ்ரீமதிக்கு வளைகாப்பு. கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழித்து உண்டான குழந்தை. “ஒரு மணி நேரம்தான். போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீமதி வாசல் வரை வந்தாள்.

“ஏங்க, காலைல நீங்க வந்துதான் எனக்கு மொத வளையல் போடணும். வேற யாரையும் போட உட மாட்டேன்.”

கொட்டகையில் நாலு பேர். அன்புமணி, செல்போன் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர், லோடு ஆட்டோ ஓட்டும் உத்திராபதி மாமா, இளவரசு. கீழே பாய். பக்கத்தில் தீவன மூட்டைகள், அதன் கவிச்சி. வெளியே குட்டையில் ஏரேட்டர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தன... டபடபடபடப என்று. அது நின்றால் தண்ணீரில் காற்று குறைந்து இறால் செத்துப்போகும். பேச்சுக்கு நடுவிலும் அன்புமணிக்கு ஒரு காது அங்கேதான் இருக்கும்.

அன்றைக்கு இளவரசுவுக்குச் சீட்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முன்னால், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் பிளாஸ்டிக் வில்லைகள் குவிந்தன. ஒரு மணி நேரம் போனது அவருக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் போனதும் தெரியவில்லை.

ஒரு சமயம் ஸ்ரீதர் இருமினான். இளவரசு நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் உறைத்தது. வெகுநேரமாக அவர் யார் முகத்தையும் பார்க்கவே இல்லை.

சீட்டைக் கீழே வைத்தார்.

“மச்சான், நான் கெளம்பறேன்.”

“பாத்தியா மாமா” என்றான் ஸ்ரீதர். “செருப்பு தேடுறாரு பாரு.”

“காலைல வளைகாப்புடா.”

“வளைகாப்பு அவளுக்குத்தானப்பா, உனக்கா?” என்றார் உத்திராபதி.

“ஆள் எங்க மச்சான்?” என்றார் அன்புமணி. குரலில் விளையாட்டு இல்லை. அன்றைக்கு ஆட்டத்தில் அவருக்கு நல்ல அடி.

இளவரசு போன் போட்டார். ஒருவன் எடுக்கவில்லை. இன்னொருவன் ஊரில் இல்லை. மூன்றாமவன் தூக்கத்தில் திட்டிவிட்டு வைத்தான். வெளியே வந்து நின்றார். காற்றே இல்லை. வளைகாப்பு, ஸ்ரீமதி, விடிந்தால் வந்து நிற்கப்போகும் சொந்தக்காரர்கள்...

அப்போது தண்ணீரில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. சளக்... சளக்...

கரைமேல் ஓர் ஆள் ஏறி நின்றார். தலையில் துண்டு. மடித்துக் கட்டின கைலி. அன்புமணி வைத்திருக்கும் காவல்காரர் என்று இளவரசு நினைத்தார். குட்டையில் இறங்கி இறாலைப் பார்த்துவிட்டு வருகிறார் போல.

“அண்ணே, சீட்டாடத் தெரியுமா?”

அந்த ஆள் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

“ரொம்ப நாள் ஆச்சி.”

“ஒரே ஒரு ஆட்டம். என் எடத்துல உக்காருங்க.”

“நீங்களாத்தான் கூப்புடுறீங்களா?”

“ஆமாண்ணே. வாங்க.”

அந்த ஆள் உள்ளே வந்தார். உடம்பில் இருந்து தண்ணீர் சொட்டியது. இளவரசு உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“காசு இருக்கா பெரியவரே?” என்று கேட்டான் ஸ்ரீதர்.

மடியில் இருந்து ஒரு பணக்கட்டை எடுத்துப் பாயில் வைத்தார். நோட்டெல்லாம் ஈரம்.

“ஈரக் காசும் காசுதான். போடு சீட்ட” என்றார் உத்திராபதி.

இளவரசு வில்லைகளைக் கொடுத்து, காசை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பைக்தான் நான் முதலில் சொன்ன பைக்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. அன்புமணி. பின்னால் ஒரே சிரிப்பு.

“எங்கேர்ந்து புடிச்ச மச்சான் இந்த ஆள? வாரிக் குடுக்குறாரு. நாங்க மூணு பேருமே லாபத்துல இருக்கோம்.”

“வெச்சி ஆடுங்க” என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

பு.முட்லூர் தாண்டும்போது மறுபடி அடித்தது. இந்த முறை சிரிப்பு இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல்.

“மச்சான்... இவரு உன் ஆள் தான?”

“என்னா வெளையாடுறியா. உன் காவக்காரரு தான அவரு?”

அன்புமணி குரலை இன்னும் தாழ்த்தினார்.

“என் காவக்காரன் ஊருக்குப் போயி நாலு நாளாவுது மச்சான்.”

இளவரசு வண்டியை ஓரம் கட்டினார்.

“ஒவ்வொரு ஆட்டமும் தோக்குறாரு. சீட்டைக் கவுத்துக் கவுத்து வெக்கிறாரு. ஸ்ரீதரு ஒண்ணைப் பிரிச்சிப் பாத்துட்டான். ரெண்டும் ஏஸு. அதுக்கு முன்னாடி வெச்சதும் ஜெயிக்கிற சீட்டுதான். எல்லாத்தையும் கவுத்துட்டு எங்களைப் பாத்து சிரிக்கிறாரு.”

“எழுந்திரிச்சி வெளிய வாங்கடா.”

“எப்படி மச்சான்? மூணு பேரும் ஜெயிச்சிருக்கோம். ஆள் இல்லியே.”

“அது நம்மளே போட்ட ரூலுடா. எழுந்திரி.”

“உத்திராபதி மாமா எழுந்திரிச்சாரு...”

“ம்.”

“பாதிதான் எழுந்திரிச்சாரு மச்சான். முட்டி நிமிரல. அப்படியே நிக்கிறாரு. ரொம்ப நேரமா நிக்கிறாரு. அழுவுறாரு... மச்சான், நீ வா. ஒரே ஆட்டம் என் எடத்துல உக்காரு.”

போன் கட் ஆகிவிட்டது.

இளவரசு கெட்டவர் அல்ல. அன்புமணியும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வண்டியைத் திருப்பினார். திருப்பிக் கொஞ்ச தூரம் வந்தும்விட்டார். எதிரில் ஒரு லாரிகூட இல்லை. மறுபடியும் போன்.

“வா மச்சான். காத்து நல்லா வருது.”

அன்புமணி குரல்தான். அழுகை இல்லை. பயம் இல்லை. தூங்கி எழுந்தவன் பேசுகிற மாதிரி நிதானமாக இருந்தது. அதன் பின்னால் சீட்டுக் கலைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சர்ர்... சர்ர்... வேறு எதுவும் கேட்கவில்லை.

“அன்புமணி. ஏரேட்டர் ஓடலியா?”

“எதுக்கு?” என்றது குரல்.

எதுக்கு. கடன் வாங்கிக் குட்டை போட்டவன். ஏரேட்டர் ஒன்று திக்கினாலும் சோற்றுத் தட்டை விட்டு ஓடுகிறவன். எதுக்கு என்று கேட்கிறான்.

இளவரசு போனை அணைத்தார். வண்டியை மறுபடியும் திருப்பினார். வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம், கீரப்பாளையம்... எங்கேயும் நிற்கவில்லை. எங்கேயும் பின்னால் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீமதி எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதல் வளையல் அவர்தான் போட்டார். போடும்போது ஒன்று உடைந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு. இளவரசுவுக்கு உயிர் வந்தது.

“என்னாடா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல” என்றான் ஸ்ரீதர். “விடியிறப்ப அவருகிட்ட ஒரு பைசா இல்ல. ‘தோத்துட்டேன், நான் கெளம்பலாம்ல’னு கேட்டாரு. கெளம்புங்கன்னோம். எழுந்திரிச்சாரு. சந்தோஷமா போயி குட்டையில எறங்கி நடந்தாரு. எதிர்க்கரை ஏறவே இல்ல. அப்புறம் எங்களுக்கும் காலு வந்துடுச்சி.”

“எறால்?”

“எல்லாம் மெதக்குது” என்றார் அன்புமணி. வேறு யாருடைய குட்டையைப் பற்றியோ சொல்கிற மாதிரி.

பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்தும் எழவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து இடம் பிடித்து நின்ற பிறகுதான் எழுந்தார்கள். பந்தியில் அது சகஜம். யாரும் கவனிக்கவில்லை. இளவரசு மட்டும் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. உத்திராபதி பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊரில் இறங்குவதில்லை. யாராவது அந்த இருக்கைக்கு வந்து நிற்கும் வரை போய்க்கொண்டே இருப்பார். சில நாள் டெப்போ வரை. ஸ்ரீதர் கடையில் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறான். வேலை ஒன்றும் கிடையாது. முதலாளி எழுந்தால் ஸ்டூலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஊரே சிரித்தது.

இளவரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சீட்டுப் பக்கமே அவர் போகவில்லை.

சில மாதம் கழித்து அன்புமணி படுத்துவிட்டார். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி. உடம்பில் எலும்பு மட்டும்தான். இன்றைக்கு ராத்திரி தாங்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். தாங்கியது. மறுநாளும் அதையே சொன்னார்கள். அப்படியே எத்தனையோ ராத்திரி. ஏன் இன்னும் மூச்சு இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

இளவரசு பார்க்கப் போனார். ஸ்ரீமதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்க அவளைக் கீழே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு இவர் மட்டும் மாடிக்குப் போனார்.

அன்புமணி கண்ணைத் திறந்தார். கட்டில் விளிம்பைக் கையால் தட்டினார்.

“வந்துட்டியா மச்சான். கொஞ்சம் உக்காரேன்.”

இளவரசு நின்றபடியே இருந்தார்.

“ஒரு நிமிஷம் உக்காரு. நான் எழுந்துக்கறேன்... முடியல மச்சான். ஜாஸ்தி நேரம் வேணாம்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பவானி, “உக்காருங்கண்ணே, ஆசையாக் கேக்குறாரு” என்றாள்.

“வண்டில சாவியை விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்” என்றார் இளவரசு.

சாவி பையில்தான் இருந்தது. வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் தன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினாராம். ஆனால் இறங்கினார். மரத்தடிக்கு வந்தார்.

ஸ்ரீமதி அங்கே இல்லை.

முன்பக்கப் படியில் இருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். தோளில் குழந்தை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பு.

“எங்க போனீங்க? நான் மேல வந்தேன். அண்ணன் பாப்பாவப் பாக்கணும்னாரு. வாங்கிக்கத் தெம்பு இல்ல பாவம். தள்ளிப் படுத்துக்கிட்டு, பக்கத்துல போடும்மான்னாரு. போட்டேன்.”

இளவரசு குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்.

“போட்டதும் அவரா எழுந்திரிச்சி உக்காந்தாருங்க. அப்புறம் நின்னாரு. கதவு வரைக்கும் நடந்தாரு. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. பவானி அண்ணி கையெடுத்துக் கும்புடுறாங்க...”

அவள் சொல்லி முடிக்கவில்லை. மேலே இருந்து பவானி அலறுகிற சத்தம் கேட்டது.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. பால் குடிக்கிறது, சிரிக்கிறது, எடை ஏறுகிறது. ஒன்றே ஒன்றுதான். தூளியில் இருந்து தூக்கினால் மூச்சை அடக்கிக்கொள்ளும். அழாது. உதடு நீலமாகிவிடும். தலையணையைத் தூளியில் வைத்துப் பார்த்தார்கள். பொம்மை வைத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. தற்செயலாக ஒருநாள் இளவரசு தூளித் துணிக்குள் கையை விட்டார். குழந்தை மூச்சு விட்டது.

அன்றிலிருந்து அப்படித்தான். ராத்திரியில் பால் கொடுக்க ஸ்ரீமதி குழந்தையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவாள். அவள் திரும்பி வரும் வரை இவர் இருட்டில், வெறும் தூளிக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணிக்குள் யாரோ அவர் விரலைப் பிரிப்பார்களாம். மெதுவாக... உள்ளங்கையில் இரண்டு சீட்டு வைப்பார்களாம். அவர் பார்ப்பதில்லை. அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவார். ஸ்ரீமதி வந்து குழந்தையைப் போட்டதும் துணிக்குள் ஒன்றும் இருக்காது.

இதை அவர் வெண்மதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவள் போயிருந்தபோது இன்னொன்றும் சொன்னாராம். ஒரே ஒரு தடவை, போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டாராம்.

“என்னா சீட்டு மாமா?” என்று கேட்டிருக்கிறாள்.

மாமா வெகுநேரம் தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“நல்ல சீட்டு” என்றாராம். “ரொம்ப நல்ல சீட்டு.”